மருதாணி 200 புதுசா?

பொன்னுரங்கம் திருப்பூர் சாயப்பட்டறையில் முப்பத்தாறு வருசம் நிறம் பார்த்தவர். துணியைக் கையில் வாங்கி, சரி, சரியில்லை என்று சொல்வதுதான் அவருக்கு வேலை. அவர் சரியில்லை என்று சொல்லிவிட்டால், மொதலாளியே வந்து கெஞ்சினாலும் அந்தத் துணி லாரி ஏறாது. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

ஓய்வு பெற்றதும் அவருக்கு ஃபிலிம் கேமராப் பைத்தியம் பிடித்தது. கோயமுத்தூரில் பூமார்க்கெட் பக்கம், ஒரு மாடியில் ஃபிலிம் கழுவும் லேப் வைத்திருக்கிற சுகந்தியிடம் போய் சிஷ்யராகச் சேர்ந்தார். சுகந்திக்கு வயது முப்பத்துநாலு. அவருடைய மகளைவிட இரண்டு வயது சின்னவள்.

யாராவது கிண்டல் பண்ணினால், "எனக்குத் தெரியாதது அந்த அம்மிணிக்குத் தெரியுது. இதுல வயசு என்னத்துக்குங்க?" என்பார். அதோடு கிண்டல் நின்றுவிடும்.

ஒரு நாள் காலையில் அவர் ஒரு ஃபிலிம் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"அம்மிணி, ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்ணா."

"மருதாணி 200. புது கலர் ஃபிலிமுங்கறாங்க. ஈரோட்டுல பர்வீன்னு ஒரு பொண்ணு, இருந்த வேலையை விட்டுப்போட்டு, வெளிநாட்டுக் கம்பெனியில ஃபிலிம் செஞ்சு வாங்கி, தன் பேருல பெட்டி போட்டு விக்குது. இது நெசமாலுமே புதுசுங்களா? இல்லை, பழைய ஃபிலிமுக்குப் புதுச் சட்டை மாட்டி வுட்டிருக்குதுங்களா?"

"இந்தச் சட்டைக்குள்ள யாருன்னு நினைக்கறீங்க?"

"ரொம்ப நாளா விக்கற ஓரியன் 200. என் கண்ணுக்கு அப்படித்தான் படுது."

சுகந்தி அலமாரியிலிருந்து ஒரு ஓரியன் 200 ரோலை எடுத்து அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டுலயும் படம் எடுத்துப் பாருங்ணா."

"நான் கேள்விதானே கேட்டேன், வேலை குடுக்கறீங்களே! எத்தனை பேரு பழசைப் புதுசுன்னு விக்கறாங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"நெறையப் பேரு விக்கறாங்க. நீங்க கேட்டது இந்தப் பொண்ணைப் பத்தி. அது எனக்குத் தெரியாதுங்ணா."

பொன்னுரங்கம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

வேலை என்று வந்துவிட்டால் மனுசன் குறை வைக்க மாட்டார். உழவர் சந்தையில் ஒரே தக்காளிக் கடை, ஒரே கேமரா, ஒரே இடம். காலை எட்டு மணி வெயிலில் ஒரு ரோல், அது முடிந்த கையோடு அடுத்த ரோல். தக்காளிக்காரம்மா, "வாங்கறீங்களா, இல்லை தக்காளிக்கு ஆதார் கார்டு எடுக்கறீங்களா?" என்று கேட்டாள். இரண்டு கிலோ வாங்கி அவள் வாயை அடைத்தார். இரண்டு ரோலையும் சுகந்தியின் லேப்பில் ஒரே தொட்டியில், ஒரே மருந்தில் கழுவினார்.

கலர் நெகட்டிவ் கழுவி முடிந்ததும் செம்மண் தண்ணீர் நிறத்தில் இருக்கும். உள்ளே இருக்கிற நிறமெல்லாம் தலைகீழாகத் தெரியும். அதை ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டரில் நேராக்கினால்தான் தக்காளி சிவக்கும். பொன்னுரங்கம் அதை வீட்டில் வைத்து, தானே செய்தார்.

இரண்டு படமும் ஒன்றாக இருந்தன. சிவப்பு ஒன்று, காம்பின் பச்சை ஒன்று, நிழல்கூட ஒன்று. போதாக்குறைக்கு, ஃபிலிம் ஓரத்தில் கம்பெனிக்காரன் அச்சடிக்கிற பேர் மருதாணியில் இல்லவே இல்லை. வெறும் ஓரம்.

"மாட்டுச்சு!" என்று வீட்டில் தனியாகக் கத்தினார்.

கோவை, திருப்பூர் ஃபிலிம்காரர்கள் நானூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படத்தையும் போட்டு, கீழே எழுதினார்: "மருதாணி 200 என்பது ஓரியன் 200தான். ஏமாறாதீர்கள். இது முப்பத்தாறு வருசம் நிறம் பார்த்த கண் சொல்வது."

சுகந்தியிடம் காட்டிவிட்டுப் போடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் அவர் லேப்புக்குப் போனபோது சுகந்தி போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க அம்மிணி?"

"ஈரோட்டுப் பொண்ணு. நாலு கடை மருதாணிப் பெட்டியைத் திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

"பொய் சொல்லி வித்தா திரும்பித்தானே வரும்?"

"அந்தப் பொண்ணு அழுவலைங்ணா. ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. 'நான் சொன்னதுல எது பொய்யின்னு அந்த ஐயாவைக் காட்டச் சொல்லுங்கக்கா, கடையை மூடிடறேன்'னுச்சு."

"காட்டறேன்! இப்பவே காட்டறேன்!" பொன்னுரங்கம் பையைத் திறந்து நெகட்டிவ்களை எடுத்தார்.

"காட்டுங்க. மொதல்ல இருந்து."

லேப் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். ஓரியன் துண்டைச் சட்டத்தில் மாட்டி ஸ்கேனரில் தள்ளினார். எந்த ஃபிலிம் என்று கம்ப்யூட்டர் கேட்டது. நீளமான பட்டியலில் ஓரியன் 200 என்ற பேரைத் தட்டினார். தக்காளி சிவப்பாக வந்தது.

அடுத்து மருதாணி. மறுபடியும் பட்டியல் வந்தது. மறுபடியும் தட்டினார். அதே சிவப்பு.

"பாத்தீங்களா அம்மிணி? அண்ணன் தம்பிகூட இல்லீங்க. ஒரே ஆளு!"

சுகந்தி, சட்டத்தில் மாட்டி வைத்திருந்த இன்னொரு துண்டை நீட்டினாள். ஓரம் சட்டத்துக்குள் மறைந்திருந்தது.

"இதையும் போடுங்க. அதே மாதிரி."

போட்டார். தட்டினார். சந்தைத் தக்காளிதான் வந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

"இதுவும் ஓரியன்தானுங்க. இதுல என்ன சந்தேகம்?"

"சட்டத்தைக் கழட்டுங்ணா."

கழற்றினார். ஓரத்தில் பேர் அச்சடித்திருந்தது. பெல்மா 400.

"இது..."

"போன மாசம் நீங்க எடுத்ததுதான். செங்கல் மாதிரி இருக்குது, செவப்பே செத்துப்போச்சுன்னு பெல்மாக் கம்பெனிக்காரனைத் திட்டினீங்களே, அந்த ரோல்."

பொன்னுரங்கம் திரையைப் பார்த்தார். செத்துப்போன சிவப்பு அங்கே ஜம்மென்று பழுத்திருந்தது.

"அதெப்படிங்க?"

"மருதாணியைப் போட்டப்ப எந்தப் பேரைத் தட்டினீங்க?"

"மருதாணிங்கற பேரே பட்டியல்ல இல்லீங்களே, புதுசாச்சே. அதனால ஓரியன் பேரையே..."

பேரைத் தட்டியதும் கம்ப்யூட்டர் என்ன பண்ணும் என்று அவருக்குத் தெரியாதா? அந்த ஃபிலிமின் நிறம் எப்படி இருக்க வேண்டுமோ, அப்படி இழுத்துச் சரிபண்ணித் தரும். போன வருசம் இதே நாற்காலியில் சுகந்தி சொல்லிக்கொடுத்ததுதான். எதைக் கொடுத்தாலும் ஓரியனாக்கித் தா என்று அவரே சொல்லியிருக்கிறார். அதுவும் தந்திருக்கிறது.

"அட கருமமே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "பட்டறையில ஒரு பையன் இப்படிப் பண்ணியிருந்தா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பேன்."

சுகந்தி டீ வாங்கிவரச் சொல்லவா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். அவருக்கு அவமானமாக இருந்தது. போனைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"போட்டதை அழிச்சுப்போடறேனுங்க."

"நாலு கடைக்காரங்களும் படிச்சு முடிச்சாச்சுங்ணா."

"அப்ப, மருதாணி புது ஃபிலிம்தான்னு எழுதிப்போடறேன்."

"புதுசுங்களா?"

பொன்னுரங்கம் மருதாணித் துண்டின் வெறும் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தெரியாதுங்க," என்றார்.

"எனக்கும் தெரியாது."

"ஆனா வுட மாட்டேன் அம்மிணி. பத்து ரோல் வாங்கறேன். வெயில், நிழல், மழை, எல்லாத்துலயும் எடுக்கறேன். கம்ப்யூட்டரே வேண்டாம். நெகட்டிவை வெளிச்சத்துல வெச்சு என் கண்ணால பாக்கறேன். பழசுன்னா பழசு, புதுசுன்னா புதுசு. கண்டுபுடிக்காம ஓய மாட்டேன்."

"பண்ணுங்க. கழுவறதுக்கு நானும் கூட நிக்கறேன்."

"அதுக்கு ஒரு மாசம் ஆயிடுமே. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு கதி?"

மேசைமேல் கிடந்த அவருடைய போனை சுகந்தி அவர் பக்கம் நகர்த்தினாள். குழுவில் அவர் எழுதியதற்குக் கீழே நாற்பது பேர் கை தட்டியிருந்தார்கள். 'மாஸ்டர் கண்ணுன்னா மாஸ்டர் கண்ணுதான்' என்று ஒருத்தர் எழுதியிருந்தார்.

பொன்னுரங்கம் போனை எடுத்தார்.

"பழசுன்னும் எழுத முடியாது, புதுசுன்னும் எழுத முடியாது. இன்னிக்கு நான் என்னத்தைங்க எழுதறது?"

"மருதாணியைப் போட்டப்ப எந்தப் பேரைத் தட்டினீங்களோ, அதை எழுதுங்ணா."