சோளத்தின் வேருக்கு வந்த விருந்தாளி

காட்டோரத்துக் கரட்டு நிலத்தில் ஒரு சோளப் பயிர் நின்றது. அதன் வேரடியில் ஒரு மண்புழு குடியிருந்தது. இரண்டும் அக்கா தங்கச்சி மாதிரி அப்படியொரு ஒட்டுதல்!

அந்த மண்ணில் சத்து என்று பெயருக்குக்கூட இல்லை. பாவம், சோளத்தின் இலையெல்லாம் ஊதா பாரித்துப்போயிற்று.

"அக்கா, பசி உயிர் போகுது!"

"பூஞ்சையைக் கூப்பிடேன்டி! எட்டாத இடத்துச் சத்தையெல்லாம் நூல்விட்டு இழுத்துவந்து கொடுப்பானே!"

பூஞ்சையைக் கூப்பிட வாயா வேண்டும்? வேரில் ஒரு வாசனையைக் கசியவிட்டால் போதும். சோளம் கசியவிட்டது. யாரும் வரவில்லை.

"தாராளமா விடுடி! இப்படிக் கஞ்சத்தனம் பண்ணினா எவன் வருவான்?" என்று அதட்டியது மண்புழு. பாசத்தில்தான் அதட்டியது.

ஒருநாள் காலையில் சோளத்தின் வேரை ஏதோ உரசியது. மண்புழுவுக்குக் கண் ஏது? தடவிப் பார்த்தது. மெல்லிசாக, நூல் மாதிரி இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை அதற்கு.

"அவனேதான்! வந்துட்டான்! உள்ளே விடு, சீக்கிரம்!"

அக்கா சொன்னால் சரிதான் என்று சோளமும் இடம் கொடுத்தது.

வந்தது பூஞ்சை இல்லை. வருஷக்கணக்காக மண்ணுக்குள் தூங்கிக்கிடந்த, சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களை விதையின் வேர் அது! சோளத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு நீரையும் சத்தையும் உறிஞ்ச ஆரம்பித்தது.

"அக்கா, சாப்பாடு வரலையே... தாகமா இருக்கே..." என்று கேட்டுக் கேட்டே சோளம் காய்ந்தது. ஒரு மணிகூடப் பிடிக்கவில்லை. பக்கத்தில் சுடுமல்லி வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றது.

மண்புழு துடித்துப்போயிற்று. "அடிப்பாவி! அவ உன்னையா கூப்பிட்டா? அந்த வாசனை உனக்கெப்படித் தெரியும்?"

"எங்க கூட்டத்துல பல பேர் கண்ட நேரத்தில் முளைச்சாங்க. வேர் கிடைக்காம செத்தாங்க. இந்த வாசனைக்கு முழிச்சவங்க மட்டும் பிழைச்சாங்க. தலைமுறை தலைமுறையா அப்படி மிஞ்சின வம்சம் நான். நான் மட்டும் சாகணுமா?" என்றது சுடுமல்லி.

அப்போது ஒரு மெல்லிய நூல் ஊர்ந்து வந்தது. நிஜமான பூஞ்சை!

"யாரோ பசின்னு கூப்பிட்டாங்களே, எங்கே?"

காய்ந்த வேரைக் கட்டிக்கொண்டு அழுதது மண்புழு. "கூப்பிட்டவ போயிட்டாப்பா. நான்தான் வேற ஆளை உள்ளே விடச் சொன்னேன்."

வந்திருப்பது யாரென்று நமக்கே நிச்சயமாகத் தெரியாதபோது, நம்மை நம்பியவர்களிடம் 'உள்ளே விடு' என்று சொல்லக் கூடாது.