கழுவிக் கவிழ்த்த அமீபா

இது நடந்தபோது நான் அந்த அறைக்குள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலங்கியல் செய்முறைத் தேர்வின் இரண்டாவது பிரிவில் என் பெயர் இருந்ததால் வெளியே வராந்தாவில் நின்றிருந்தேன். அன்று உதவிக்காக உள்ளே போயிருந்த தாவரவியல் ஆய்வக உதவியாளர் சேர்மக்கனி அக்கா பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன். இதில் மாசானம் அண்ணன் சொன்னது எவ்வளவு, அக்கா சேர்த்தது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

மாசானம் அண்ணன் எங்கள் துறையின் ஆய்வக உதவியாளர். பதினொரு வருடமாகத் தற்காலிகம். அந்த ஆண்டுதான் அவரை நிரந்தரமாக்கும் கோப்பு கிளம்பியிருந்தது. வெளித் தேர்வாளர் ஆய்வகத்தைப் பற்றி நல்லபடியாக ஒரு வரி எழுதினால் கோப்பு நகரும். குறை எழுதினால் அங்கேயே படுத்துவிடும்.

அமீபா வளர்ப்பது அவர் பொறுப்பு. கண்ணாடிக் கிண்ணத்தில் குளத்துத் தண்ணீர் ஊற்றி, வேகவைத்த நாலு கோதுமை மணியைப் போட்டு மூடி வைப்பார். பார்க்க அழுக்காகத்தான் இருக்கும். வெளியூரிலிருந்து ஆள் வருகிறார் என்றாலே எல்லாவற்றையும் கழுவித் துடைப்பது எங்கள் கல்லூரி வழக்கம். தேர்வுக்கு முந்தின நாள் அண்ணன் ஜன்னலைத் துடைத்தார், எலும்புக்கூட்டைத் துடைத்தார், அதே வேகத்தில் அமீபாக் கிண்ணத்தையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

தேர்வாளர் வந்ததும் முதலில் கேட்டதே, "உயிருள்ள அமீபா எங்கே?" என்றுதான்.

துறைத்தலைவர் ஞானசெல்வி மேடம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கிண்ணத்தைப் பார்த்தார்.

"இங்கதான் சார் இருந்துச்சு. வளந்துட்டு."

"எவ்வளவு?"

"மொதல்ல உளுந்தம்பருப்பு. ரெண்டு நாள்ல அப்பளம். ஒரு மாசத்துல ஊத்தப்பம் மாதிரி மேசையில பரந்து கெடந்துச்சு. சேர்மக்கனி டிபன் பாக்ஸ மறந்து வச்சிட்டுப் போயிட்டா. அப்படியே சுத்தி வளைச்சு உள்ள இழுத்துட்டு. சாயங்காலம் டப்பாவ மட்டும் வெளிய தள்ளுச்சு. வெளக்கி வச்ச மாதிரி இருந்துச்சு!"

"என்னை எதுக்குண்ணே இதுல இழுக்கீய?" என்றாராம் அக்கா.

தேர்வாளர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "டப்பாவை எந்த வாயால முழுங்குச்சு?"

"வாயே கெடையாதே சார். எந்தப் பக்கம் சோறு இருக்கோ அந்தப் பக்கம் வாய்."

அது மட்டும் உண்மைதான். தேர்வாளர் தலையாட்டியதும் அண்ணனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ஐப்பசி மழைக்கு இங்க முழங்கால் தண்ணி. மோட்டார் கேட்டு மூணு கடுதாசி போட்டோம், பதில் இல்ல. இது என்ன பண்ணுச்சு, மொத்தத் தண்ணியையும் ஒடம்புக்குள்ள வாங்கிட்டு, தலைய ஜன்னல் வழியா நீட்டி..."

"அதுக்குத் தலை கிடையாது, மாசானம்" என்றார் மேடம்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மேடம். ஒரு கால நீட்டி, கணிதத் துறை பக்கம் பீச்சிட்டு. அவங்க இன்னும் மழைன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"அப்புறம்?"

"துறையில நாலு வாத்தியார் எடம் காலி. இது ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. நாலும் வகுப்புக்குப் போச்சு."

"பாடம் எப்படிய்யா நடத்தும்?"

"நடத்தாது சார். மேசைக்குப் பின்னால அசையாம இருக்கும். பிள்ளைக வித்தியாசமே கண்டுபிடிக்கல."

மேடத்துக்கு இருமல் வந்தது.

"ஆய்வுக்குழு வந்தப்போ, அவங்க என்ன வடிவம் கேட்டாங்களோ அந்த வடிவத்துல நின்னுச்சு. ஓய்வுபெறுற வயசு வந்தா ரெண்டாப் பிரிஞ்சிரும், ரெண்டுக்கும் வயசு பூஜ்யம். மேலிடத்துல அசந்துட்டாங்க சார். நிரந்தரம் பண்ணி ஆர்டர் போட்டுட்டாங்க. பதினோரு வருசமா எனக்கு வராத ஆர்டர், போன வருசம் பொறந்ததுக்கு வந்துட்டு! நேத்துதான் மாத்தல் வாங்கிட்டு சென்னைக்குப் போச்சு."

"பஸ்ஸுல இடம் கிடைச்சுதா?"

"நல்ல கூட்டம் சார். இருந்த சந்துக்குத் தக்கபடி நெளிஞ்சு உக்காந்துக்கிட்டு."

தேர்வாளர் கிண்ணத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்குது, மாசானம்."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "பளிச்சுனு இருந்தா நல்லதா ஒரு வார்த்தை எழுதுவீங்கன்னு நெனச்சேன் சார்."

தேர்வாளர் எங்கள் ரெக்கார்டு நோட்டுகளை இழுத்தார். ஒன்றைத் திறந்தார். இன்னொன்றைத் திறந்தார். வேகவேகமாக ஏழெட்டு நோட்டுகளைப் புரட்டினார். கடைசியில், "இந்த அறையில உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரல" என்று சொல்லிவிட்டு அறிக்கையில் எழுதினார்: "ஆய்வகம் மிகத் தூய்மையாக உள்ளது."

கோப்பு நகர்ந்தது. ஆடி மாதம் அண்ணன் நிரந்தரமானார்.

தேர்வாளர் அந்த நோட்டுகளில் எதைப் பார்த்தார் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. முடிவுகள் வந்தபின் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். இருபத்திநாலு பேருடையதையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் "நுண்ணோக்கியில் நேரில் கண்டு வரைந்தது" என்று எழுதி, கீழே மேடத்தின் கையெழுத்து. அமீபாவுக்கு நிலையான உருவம் கிடையாது. ஒரு நிமிடம் இருந்த மாதிரி மறு நிமிடம் இருக்காது. இருபத்திநாலு படத்திலும் ஏழு கால்கள், அதில் நீளமானது இடப்பக்கம் மேலே. என்னுடையதிலும் ஏழுதான்.