மிச்சம் வைக்காத கீரிகள்

கோரைக்குளம் வற்றிவிட்டது. ஒரு கூட்டம் குடிக்கும் அளவு தண்ணீர்தான் மிஞ்சியது. அதற்காகப் பன்னிரண்டு கீரிகளும் எட்டுக் காட்டுப்பூனைகளும் போருக்கு நின்றன. தோற்றவர்கள் குட்டிகளோடு காட்டை விட்டுப் போக வேண்டும்.

அந்தக் காட்டில் போர் முறை வைத்துத்தான் நடக்கும். மரங்கொத்தி ஒரு தட்டுத் தட்டினால் ஒரு பக்கம் நகரும், மறுபக்கம் அசையாது. அடுத்த தட்டில் மாறும். ஒரு முறைக்கு ஒருவருக்குப் பத்து அடி, ஒரு கடி. வாலில் கடிபட்டவர் நாவல் மரத்தடியில் போய் உட்கார வேண்டும்.

மரங்கொத்தி கடைசி விதியையும் சொன்னது. அது மிச்சம் வைத்த அடிகளைப் பற்றியது. கீரிகள் காதில் வாங்கவில்லை. இரையில் ஒரு துணுக்கும் மிச்சம் வைக்காத குலம் அது. மிச்சம் என்ற பேச்சே அவற்றுக்கு ஆகாது.

"கொடுத்த அடியை மிச்சம் வைக்கிறவன் கீரியே இல்லை!" என்றது தலைவன் செம்பட்டை. "பத்தும் ஓடுங்கள்!"

மரங்கொத்தி தட்டியது. கீரிகள் பத்தடி ஓடின. பத்தாவது அடியில் வெறும் களிமண் திடலில் இரைத்துக்கொண்டு நின்றன. ஒதுங்க ஒரு புல் இல்லை.

அடுத்த தட்டு விழுந்தது. கோரைக்குள்ளிருந்து பூனைத் தலைவி வரியழகி மெல்ல வெளியே வந்தது.

"வாங்க அண்ணே! இவ்வளவு தூரம் எங்களைத் தேடி வந்திருக்கீங்களே!"

பூனைகள் மூன்றே அடி வைத்தன. நான்கு வால்களைக் கடித்துவிட்டு, மூன்றடி பின்வாங்கிக் கோரைக்குள் மறைந்தன. நான்கு கீரிகள் நாவல் மரத்தடிக்குப் போயின.

செம்பட்டை நன்றாக யோசித்தது. "வேகம் போதவில்லை! இன்னும் வேகமாக ஓடுங்கள்!"

மறைந்த பூனைகள் கண்ணில் படாமல், கோரையை ஒட்டிய திடலிலேயே பத்தடியும் வேகமாக ஓடித் தீர்த்தன. இந்த முறை ஐந்து வால்கள் கடிபட்டன.

ஆறாவதாக ஒரு பூனை, தனியே நின்ற ஒரு கீரியைத் தேடிப் போனது. அது செம்பட்டையின் மைத்துனன் புழுதியன். காலில் முள் குத்தியதால் நான்கடி மட்டும் நடந்து, கரையான் புற்றுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தது. பூனை புற்றைச் சுற்றி வந்ததும் புழுதியன் பாய்ந்து அதன் வாலைக் கடித்தது.

"இது எங்கள் முறை!" என்று பூனை கத்தியது.

"அவன் ஆறடி மிச்சம் வைத்தான்," என்றது மரங்கொத்தி. "மிச்ச அடியையும் கடியையும் எதிரியின் முறையில் எடுக்கலாம். கடைசி விதி. சொன்னேனே!"

கீரிகள் மூன்று பேர் மிஞ்சினார்கள். செம்பட்டை நாவல் மரத்தடியைப் பார்த்தது. அங்கே அதன் வீரர்கள் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் குட்டிகள் நாக்கைத் தொங்கவிட்டிருந்தன.

"மச்சான், உன் பக்கத்தில் இடம் இருக்கா?" என்று கேட்டது.

"இருக்கு. ஆனா, மிச்சம் வைக்கிறவன் கீரியே இல்லைன்னு சொன்னீங்களே!"

"வாயை மூடிக்கொண்டு நகரு."

முறை வந்தது. செம்பட்டையும் மற்றொரு கீரியும் ஐந்தடி வைத்துப் புற்றுக்குப் பின்னால் நின்றன. மீதி ஐந்தடியை வைக்காமல் இருக்கச் செம்பட்டைக்கு உடம்பெல்லாம் அரித்தது.

"என்ன தங்கச்சி, தாகமா?" என்று அங்கிருந்து குரல் கொடுத்தது. "நொண்டிக் கீரியிடம் கடி வாங்கினவங்க இனி வெளியே வர மாட்டாங்கன்னு நினைக்கிறேன்!"

வரியழகிக்கு மீசை துடித்தது. "மூன்று பேர்தானே! எல்லோரும் ஓடுங்கள்!"

ஏழு பூனைகளும் பத்தடி ஓடின. ஓடிவரும்போதே மூன்று கீரிகளும் மிச்ச அடியில் பாய்ந்து மூன்று வால்களைக் கடித்துவிட்டுப் புற்றுக்குப் பின்னால் திரும்பின. மற்ற நான்கு பூனைகள் பத்தடியும் தீர்ந்துபோய்க் களிமண் திடலில் இரைத்துக்கொண்டு நின்றன. ஒதுங்க ஒரு புல் இல்லை.

தட்டு விழுந்தது. கீரிகள் மூன்றடி வைத்தன, மூன்று கடி கடித்தன, மூன்றடி பின்வாங்கின. திடலில் வரியழகி மட்டும் நின்றது. அது சுற்றிலும் பார்த்துவிட்டு, தானே நாவல் மரத்தடிக்கு நடந்தது.

"அண்ணே, போவதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் கிடைக்குமா?"

"கிடைக்கும். முதலில் எங்கள் குட்டிகள் முறை," என்றது செம்பட்டை.

குட்டிகள் குடித்தன. வாழ்நாளில் முதல் தடவையாகக் கீரிகள் குடிப்பதில் கொஞ்சம் மிச்சம் வைத்தன.

எவ்வளவு தூரம் ஓடினோம் என்பதல்ல, எதிரியின் முறை வரும்போது எங்கே நிற்கிறோம் என்பதே வெற்றியைத் தரும்.