அடியில்லாத பை

"பிள்ளைங்க யாரும் எங்கிட்டத் தங்க மாட்டேங்கிறாங்கம்மா," என்றார் இன்னாசிமுத்து மாஸ்டர்.

மலைமேல் குடிசையில், பலரும் யோசனை கேட்டு வரும் ஊற்றடி அம்மா முறத்தில் புளியைக் கொட்டி, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யார் பெத்த பிள்ளைங்க?"

"ஊரார் பெத்ததுதான்."

"அப்ப சரி," என்று அடுத்த புளியை எடுத்தார்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி வந்திருக்கிறார். மூட்டு இரண்டும் தேய்ந்துபோன மனுஷன். 'அப்ப சரி' என்பதைக் கேட்டுவிட்டுப் போகவா?

அவர் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் பாஸ்கெட்பால் கோச். படிப்பு எட்டாவது. பஞ்சாலை டீமில் ஆடியவர். ஆலையை மூடியதும் கல்லூரிக்கு வந்தார். வந்த பன்னிரண்டு வருஷத்தில், பந்தைப் பிடிக்கவே தெரியாத ஏழு பேரை ஆட்டக்காரனாக்கினார். ஏழு பேரையும் பெரிய கல்லூரிகள் பணத்தைக் காட்டி இழுத்துக்கொண்டன.

அந்த ஏழு பேரின் பெயரை மாஸ்டர் வாயால் சொல்வதில்லை. ஷூ நம்பரைத்தான் சொல்வார்.

"பதினொண்ணு போனான். பத்தரை போனான். பன்னெண்டு போறப்ப என் காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனான், படுபாவி. இப்பப் பதிமூணு நிக்கிறான்."

பதிமூன்று வாசலில் நின்றது. பெயர் பூவரசன், ஆறடி ஐந்து அங்குலம். குனிந்து உள்ளே வந்தவன், பாதியிலேயே நிமிர்ந்து நிலையில் தலையை இடித்துக்கொண்டான்.

"குனிஞ்சா முழுசாக் குனி. எத்தனை தரம் சொல்றது?" என்றார் மாஸ்டர்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி பூவரசனைக் கூப்பிட்டிருந்தது. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். மாதம் பதினைந்தாயிரம் கையில். மாஸ்டர் சம்மதித்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் இங்கே டி.சி. கொடுப்பார்கள். நாளைக்குக் கடைசி நாள்.

தாள் மாஸ்டரின் சட்டைப்பையில் நாலாக மடிந்து ஒன்பது நாளாகக் கிடந்தது.

ஊற்றடி அம்மாவிடம் கேட்கலாம் என்று சொன்னது பூவரசன்தான். மாஸ்டர் உடனே ஒத்துக்கொண்டார். காசு வேண்டாம் என்று மலையேறி உட்கார்ந்தவர், காசுக்காகப் போ என்றா சொல்லப்போகிறார்?

"போகவா, இருக்கவாம்மா?" என்றான் பூவரசன். "போனா எங்கம்மா மில்லுல நைட் ஷிப்ட்ட விட்டுரலாம். ஆனா அங்க என்னைவிட உசரமா ரெண்டு பேரு இருக்கான். நான் பெஞ்சுலதான் கெடக்கணும். இங்கன்னா நான்தான் எல்லாம்."

"உன்னால போக முடியுமா?"

"மாஸ்டர் இன்னும் கையெழுத்துப் போடலையே."

"போக முடியாதவனுக்கு இருக்கிறதப் பத்தி என்ன யோசனை? பின்னாடி முருங்கை காய்ச்சு நிக்குது. ஏணி ஒடைஞ்சு ஒரு மாசமாச்சு. போய்ப் பறி."

பூவரசன் போனான். அவனுக்கு ஏணி தேவைப்படவில்லை.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "போறவன் எவனையும் நான் சும்மா விட்டதில்லம்மா."

"என்ன செய்வீங்க?"

"ஷூவத் திருப்பி வாங்கிருவேன். எங்காசுல வாங்கிக் குடுத்தது. ஏழு ஜோடியும் எங்கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு."

"இப்ப யார் போடுறாங்க?"

"யாருக்குச் சேரும்? அந்த அளவுக்கு எங்க தெருவுல காலே கெடையாது."

"சும்மாவா கெடக்கு?"

"பன்னெண்டு நம்பருக்குள்ள எலி குட்டி போட்டிருக்கு."

"அதுவாவது தங்குச்சே," என்றார் அம்மா.

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவரிடம் வந்திருக்கவே கூடாது என்று நினைத்தார். இவரையும் மறக்கப்போவதில்லை என்றும் நினைத்தார்.

பூவரசன் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தான்.

"கொண்டுபோங்கய்யா," என்றார் அம்மா. "எதுல போட்டுத் தர்றது?" சுற்றிலும் பார்த்தார். மாஸ்டரின் ரெக்ஸின் பையிலிருந்து வெள்ளையாக ஏதோ தொங்கியது. இழுத்தார். வளையத்தில் கட்டுகிற புது நெட். காலையில்தான் மாஸ்டர் கல்லூரி ஸ்டோரில் சண்டை போட்டு வாங்கியிருந்தார்.

அம்மா அதை விரித்து, உள்ளே கையை விட்டார். கை மறுபக்கம் வந்தது.

"நல்ல பை. அடி எங்க?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பை இல்லம்மா, நெட்டு. பந்து மேல வழியாப் போயிக் கீழ வழியா வந்துரும்."

"போட்ட பந்து வெளிய வந்துருமா?"

"வந்துரும்."

"வந்து உங்க கைக்குத்தான வரும்?"

"அது எப்படி? பாயிண்ட் போட்டா பந்து எதிராளிக்கு."

அம்மா புளியைக் கீழே வைத்தார்.

"போட்டது நீங்க."

"ஆமா."

"பந்து அவனுக்கு."

"ஆமாம்மா. அதான் சட்டம்."

"ஏமாளித்தனமா இருக்கே," என்றார் அம்மா. கூரையில் செருகியிருந்த ஒரு துண்டுச் சணலை உருவினார். நெட்டின் அடியைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். முருங்கைக்காயை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினார். தூக்கிக் காட்டினார்.

"இந்தாங்க. ஒண்ணும் வெளிய போகாது."

"அய்யய்யோ! என்னம்மா பண்றீங்க? புது நெட்டு!"

"காய எடுத்துட்டு இப்படியே வளையத்துல மாட்டுங்க. பந்து உள்ளயே இருக்கும்."

மாஸ்டர் மூட்டு வலியை மறந்து எழுந்துவிட்டார்.

"உள்ளயே இருந்தா அப்புறம் ஆட்டம் எங்கம்மா இருக்கு? ஒரு பந்தப் போட்டுட்டு நாப்பது நிமிஷம் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கவா? வெளிய வரணும். வந்து எதிராளி கைக்குப் போகணும். அவன் அத எடுத்துக்கிட்டு நம்மள அடிக்கவே வரணும். அப்பத்தான..."

அதோடு நின்றார். வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

அம்மா புளிக்குத் திரும்பினார்.

பூவரசன் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் நெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முடிச்சை நகத்தால் நெம்பினார். அசையவில்லை. பல்லால் கடித்தார். பொய்ப்பல் ஆடியது. விடவில்லை.

கடைசியில் சணல் பிரிந்தது. தூக்கிப் பிடித்ததும் காயெல்லாம் சரசரவென்று அடிவழியாக வழுக்கின. பூவரசன் பழக்கதோஷத்தில் கையை நீட்டினான். ஒன்றுகூடத் தரையில் விழவில்லை.

"உங்கம்மாகிட்டக் குடு," என்றார் மாஸ்டர். "பேனா வச்சிருக்கியா?"

இருந்தது. தாளை வைத்து எழுதத்தான் இடம் இல்லை. பூவரசன் காயைக் கட்டிப் பிடித்தபடி முதுகைக் காட்டினான்.

"முழுசாக் குனி."

முழுசாகக் குனிந்தான். மாஸ்டர் எழுத்துக் கூட்டிக் கூட்டி, இன்னாசிமுத்து என்று ஒரு எழுத்து விடாமல் போட்டார். தாளை மடித்து அவன் சட்டைப்பையில் செருகினார்.

"இப்ப யோசி."

"நான் இருந்துட்டா, மாஸ்டர்?"

"காலையில ஆறு மணிக்குக் கிரவுண்டுல நிக்கணும். ஆறு அஞ்சுன்னா பத்து ரவுண்டு."

"போயிட்டா?"

"டிசம்பர்ல அவங்களோட மேட்ச் இருக்கு. உன் எடது கை வெறும் அலங்காரத்துக்குன்னு எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

பூவரசன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த முருங்கைக்காயையே வெகுநேரம் பார்த்தான்.

அம்மாவைக் கும்பிட்டுவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். இந்தத் தடவை அவன் தலை இடிக்கவில்லை.

படிக்கட்டு தொடங்கும் இடத்தில் அவன் ஷூ கிடந்தது, இரண்டு ஓடம் போல. காயைப் படியில் இறக்கி வைத்தான். ஷூவை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் புழுதியை உதறினான். லேஸை உள்ளே சுருட்டி வைத்தான். இரண்டு கையாலும் மாஸ்டரிடம் நீட்டினான்.

"இந்தாங்க, மாஸ்டர்."

மாஸ்டர் ஷூவைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு படியையும் பார்த்தார்.

"போட்டுக்கடா," என்றார். "கட்டிலுக்கு அடியில இனிமே எடமில்ல."