தாழ் போட்ட ஒரு மணி நேரம்

அன்று, திருமணமான மாணவர்களின் குடியிருப்பில், பதினான்காம் எண் வீட்டு முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். உளவியல் ஆசிரியை மங்கையர்க்கரசி. அவரிடம் முதுகலை படிக்கும் இசக்கிராஜா. அதே வகுப்பில் படிக்கும் அவன் மனைவி முத்துச்செல்வி. வார்டன் தாவீது.

திங்கட்கிழமை தேர்வு. செல்வி உள்ளறையில் தாழ் போட்டுக்கொண்டு படிப்பாள். ராஜா கதவை இடிப்பான். இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் தாவீது ஆசிரியையை அழைத்து வந்திருந்தார்.

"தாழ் போடாம படியேன். நான் என்ன கடிச்சா திங்கப்போறேன்?" என்றான் ராஜா.

"தாழ் போடலைன்னா மணிக்கு ஒன்பது தடவை வந்து, கோபமா, கோபமான்னு கேக்கிறான் மேடம். நேத்து எண்ணினேன். இன்னொரு தடவை கதவை இடிச்சா நான் மகளிர் விடுதிக்குப் போயிருவேன்."

ராஜா ஆசிரியையிடம் கேட்டான்: "தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே எனக்கு ஏன் மேடம் இப்படி ஆகுது?"

"ஸ்கீமான்னு நடத்தினேனே, என்னது அது?"

"சின்ன வயசுல மனசுல விழுந்த அச்சு. அந்தக் கேள்விக்கு இருபதுக்குப் பதினெட்டு எடுத்தேன்."

"அந்தப் பதினெட்டோட ரெண்டு தாழ்ப்பாளும் உடைச்சிருக்கான்" என்றார் தாவீது.

ஆசிரியை செல்வியைப் பார்த்தார். "உள்ளே போய்த் தாழ் போடு. ஒரு மணி நேரம் படி."

தாழ் விழுந்தது. நான்காவது நிமிடம் ராஜாவின் கை கதவுக்குப் போனது.

"தட்டப்போறது யாரு?" என்றார் ஆசிரியை.

"நான்தான்."

"வயசு?"

"இருபத்தாறு."

"பொய்."

ராஜா கையைப் பின்னால் இழுத்தான்.

"ஏழு" என்றான் பிறகு. "அம்மாவுக்குக் கோபம் வந்தா உள்ளே தாழ் போட்டுக்குவா. நான் வெளியே நின்னு மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"எதுக்கு மன்னிப்பு?"

"தெரியாது. கேட்டாத்தான் கதவு திறக்கும்."

"பாவம் மேடம், திறக்கச் சொல்லுங்க" என்றார் தாவீது.

"இப்போ திறந்தா, அது அந்த ஏழு வயசுப் பையனுக்குத் திறந்ததாத்தான் ஆகும். செல்வி அவனையா கட்டிக்கிட்டா?"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. கதவுக்கு நேரே போய் நின்றான். கை ஓங்கியபடி இருந்தது. தட்டவில்லை.

"நான் ஒண்ணும் செய்யலை!" என்று கத்தினான். "இனிமே மன்னிப்புக் கேக்க மாட்டேன்!"

"உன்னை யாரு கேக்கச் சொன்னது?" என்றது உள்ளிருந்து செல்வியின் குரல். "நான் மூணாம் பாடத்துல இருக்கேன். திறக்க மாட்டேன்."

"கோபமா?"

"இல்லை."

ராஜா கையை இறக்கினான். தாவீது சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"உனக்கும் திங்கட்கிழமைதானே தேர்வு?" என்றார் ஆசிரியை. "புத்தகம் எங்கே?"

"உள்ளே இருக்கு மேடம்."

"கதவு திறக்கும். அப்போ எடுத்துக்கோ."

ராஜா தரையில் உட்கார்ந்தான். இன்னும் ஐம்பத்துமூன்று நிமிடம் மீதி இருந்தது.