அருகிலுள்ள ஆலை

ஆறு மேலாண்மைக் கல்லூரிகள் ஒன்று சேர்ந்தன. அதுவரை மாணவர் சேர்க்கைக்காக ஒன்றன் காலை ஒன்று வாரிக்கொண்டிருந்தவைதான். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல், நாளைக்கும் நிற்கிற மாதிரி தொழில் நடத்துவது எப்படி என்று சேர்ந்து சொல்லிக்கொடுக்கப் போகிறார்களாம். பாடத்தின் பெயர் 'பொறுப்புள்ள நிர்வாகம்'. கேட்க நன்றாக இருந்ததால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

பாடத்தை எழுதிக் கொடுத்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் மங்கையர்க்கரசி. ஒரு பருவம் சோதனையாக நடத்திப் பார்த்துவிட்டு, கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் விழாவை நல்லசிவத்தின் கல்லூரியில் வைத்தார்கள்.

நல்லசிவம் அந்த அம்மாளின் மாணவர். குருவைவிட வயதில் மூத்த சீடர். தலை நரைத்த பிறகு, டாக்டர் பட்டம் இல்லாமல் பதவி உயர்வு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாளிடம் போய்ச் சேர்ந்தார். அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார். ஆனாலும் அவர் எதிரே இவர் இன்றுவரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை.

பட்டம் வந்தது, பதவி முழுசாக வரவில்லை. அறை வாசலில் 'முதல்வர்' என்று பலகை தொங்கியது; பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று இருந்தது. நம் அலுவலகத் தமிழில் பொறுப்பு என்றால் தற்காலிகம் என்று அர்த்தம். எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

விழா அன்று காலை விருந்தினர் அறைக்கு வந்தார் நல்லசிவம். கையில் ஒரு கோப்பு இருந்தது. முகம் சரியில்லை.

"உட்காருங்க சார். என்ன ஆச்சு?"

"வளர்மதியை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிட்டாருங்க மேடம், எங்க தாளாளர்."

வளர்மதி அங்கே விரிவுரையாளர். நல்லசிவத்திடம் படித்தவள். மாமியார் வீட்டில் மல்லுக்கட்டிப் படித்து மேலே வந்தவள். அவரே கூப்பிட்டு வேலை கொடுத்திருந்தார்.

"என்ன தப்பு பண்ணினா?"

"நீங்க எழுதின பாடத்தை நடத்தினாங்க."

பாடத்தில் ஒரு வரி இருந்தது. 'மாணவர்களை அருகிலுள்ள ஆலைக்கு அழைத்துச் செல்க. அது வெளியே என்ன விடுகிறது என்று பார்க்கச் சொல்க.' மற்ற ஐந்து கல்லூரிகளும் பஸ் பிடித்து மாவட்டம் தாண்டிப் போயின. ஒரு கல்லூரி பிஸ்கட் கம்பெனிக்குப் போய் ஆளுக்கு ஒரு பாக்கெட்டோடு திரும்பியது. வளர்மதி மட்டும், அருகிலுள்ள என்றால் அருகிலுள்ள என்றே எடுத்துக்கொண்டாள். மதில் சுவருக்குப் பின்னால் இருந்த சாயப்பட்டறைக்கு நடத்தியே கூட்டிப்போனாள். அது தாளாளருடையது.

"அதோட விட்டாலும் பரவாயில்லைங்க. ஆண்டு விழாவுல ஒரு பொண்ணு எந்திரிச்சு, 'ஐயா, மழை பெய்யறப்ப மட்டும் நம்ம பட்டறை வாய்க்கால்ல தண்ணி ஏன் ஊதாவா வருது'ன்னு கேட்டுப்போட்டுது."

"அவர் என்ன சொன்னார்?"

"நல்ல கேள்வி கண்ணுன்னு சிரிச்சாருங்க."

சிரித்த கையோடு தாளாளர் என்ன செய்வார் என்று மங்கையர்க்கரசிக்கும் தெரியும்.

நல்லசிவம் குரலைத் தாழ்த்தினார். "உத்தரவுல கையெழுத்துப் போட்டுட்டு வாங்க, சாயங்காலமே அந்தப் பொறுப்பை எடுத்துறலாம்னு சொன்னாருங்க."

"எந்தப் பொறுப்பை?"

"பலகையில இருக்கற பொறுப்பைத்தானுங்க."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். நல்லசிவத்துக்கு வலித்தது. தன் நிலைமை இவருக்கு எங்கே புரியும் என்று உள்ளுக்குள் கோபம் வந்தது.

"இதுக்கு முன்னாடி முதல்வரா இருந்தவரு இப்படி ஒரு உத்தரவுல கையெழுத்துப் போட மாட்டேன்னாருங்க மேடம். இப்ப இன்சூரன்ஸ் விக்கறாரு. எனக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதுங்க."

"சரி, எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

அவர் கோப்பைத் திறந்தார். "உத்தரவுக்கு ஒரு காரணம் வேணுமுங்க. பாடத்திட்டத்தை மீறினதா எழுதலாம்னா, அவங்க மீறலை. அதனால அந்த வரியில 'அருகிலுள்ள ஆலை'ங்கறதை 'தகுந்த ஆலை'ன்னு மாத்திட்டா சரியாப் போயிருமுங்க. மத்த அஞ்சு முதல்வருங்களும் சரின்னுட்டாங்க. எழுதினவங்க நீங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"அஞ்சு பேருமா?"

"போன்ல கேட்டதும் ஒத்துக்கிட்டாங்க. பாடத்துக்குப் பேரு வைக்கறதுக்கே அடிச்சுக்கிட்டவங்க மேடம்! ஆறு பேரும் ஒரே மனசா நின்னது இதுல மட்டுந்தானுங்க."

அந்த அம்மாள் தன் பேனாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினார்.

"நீங்களே மாத்துங்க."

நல்லசிவம் பேனாவை வாங்கினார். 'அருகிலுள்ள' என்பதை அடித்தார். மேலே 'தகுந்த' என்று எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"தகுந்த ஆலைன்னு எதைச் சொல்லுவீங்க சார்? பசங்க கேப்பாங்களே."

"நமக்குத் தெரிஞ்சவங்களுது இல்லாத ஆலைங்க."

"அப்ப அந்த ஆலை இருக்கற ஊர்ப் பசங்க எங்க போவாங்க?"

"அவங்க நம்ம ஊருக்கு வரட்டுமுங்க" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

மங்கையர்க்கரசி பேனாவை வாங்கினார். முதல் பக்கத்தைப் புரட்டி, 'ஆக்கம்' என்ற சொல்லுக்குக் கீழே இருந்த தன் பெயரை ஒரே கோடாக அடித்தார்.

"மேடைக்கு வருவீங்கல்ல மேடம்?"

"இல்ல. வளர்மதி வீடு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னார். அவர் புறப்படுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, கோப்பின் அடியிலிருந்து உத்தரவை எடுத்து அந்த மேஜையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு அழுகை முட்டியது. ஐம்பத்தைந்து வயது மனிதர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே ஒலிபெருக்கியில் முதல்வர் அவர்களை மேடைக்கு அழைத்தார்கள்.

வாசல் வரை போனவர் திரும்பி நின்றார். ஏதாவது ஆறுதல் சொல்ல மாட்டாரா என்று இருந்தது.

"ஒரு ஆளு போறதால ஒண்ணும் ஆயிராதுங்களே மேடம்? ஆறு காலேஜு சேர்ந்திருக்கோம். பாடம் நின்னுராதுங்களே?"

"நிக்காது சார்" என்றார் மங்கையர்க்கரசி. "அதைப் படிச்ச ஒரே ஆள்தான் போறா."