மஞ்சள் பட்டையில் ஒரு நம்பர்

இது கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய கதை. தீர்ப்புச் சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

கோவில்பட்டியில் ஒரு பிளெக்ஸ் கடையில் இசக்கிராஜ் என்றொரு டிசைனர் இருந்தான். இருபத்தாறு வயது. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் தொங்கிய பேனர்களில் பாதி அவன் கைவேலை. ஒன்றிலாவது அவன் பேர் இருக்க வேண்டுமே! எல்லாவற்றின் அடியிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி கடைப் பேரும் கடை நம்பரும்தான். மதுரையில் ஒரு விளம்பரக் கம்பெனி ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு மனுப் போட்டான். வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொன்னார்கள், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். போர்ட்ஃபோலியோவில் சும்மா பழகுவதற்குச் செய்த டிசைன்களை அடுக்கிக்கொண்டு வர வேண்டாம். சொந்தப் பேரில் செய்து, ஜனங்கள் கண்ணில் பட்ட வேலை ஒன்றாவது வேண்டும் என்றார்கள். ஆறு வருஷம் உழைத்தவனிடம் அப்படி ஒன்றுகூட இல்லை. இதுவும் கைநழுவினால் ஆயுசுக்கும் இந்தக் கடைதான் என்று அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் பேச்சியம்மாள் வந்தாள். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பவள், இவன் தெருக்காரி. ஞாபகம் தப்பிப்போன அவள் அப்பா சுடலைமுத்து, முந்தின நாள் காலையில் வீட்டை விட்டு இறங்கியவர் திரும்பவில்லை. காணவில்லை என்று போஸ்டர் அடிக்க வேண்டும் என்றாள். இசக்கிராஜுக்குச் சட்டென்று பொறி தட்டியது. கடைக்குச் சம்பந்தமில்லாமல், தன் சொந்தப் பொறுப்பில், இலவசமாகவே செய்து தருவதாகச் சொன்னான். தன் பேரையும் நம்பரையும் போட்டுக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டான்.

"என்ன வேணும்னாலும் போட்டுக்கோ தம்பி, அப்பா கிடைச்சாப் போதும்" என்றாள் அவள்.

போஸ்டர் நன்றாகத்தான் வந்தது, அதை மறுக்க முடியாது. கிழவரின் முகம் பெரிசாக, போகிறவர் நின்று பார்க்கும்படி இருந்தது. வயது, சட்டை நிறம், பேச்சியம்மாளின் நம்பர் எல்லாம் கீழே கறுப்பில், பொடி எழுத்தில். முகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் பட்டை. அதில் 'டிசைன்: இசக்கிராஜ்' என்றும் அவன் நம்பரும் சிவப்பில், கொட்டை எழுத்தில். அச்சகத்து அருளப்பன் அதைப் பார்த்துவிட்டு, ரெண்டு நம்பர் இருக்கிறதே, பார்க்கிறவன் குழம்ப மாட்டானா என்று கேட்டார். டிசைன் என்று போட்டிருக்கிறது, ஜனங்களுக்குப் படிக்கத் தெரியாதா என்றான் இவன். அவரும் அதற்கு மேல் பேசாமல் அடித்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சாத்தூர் வரைக்கும் ஒட்டியாயிற்று.

பேச்சியம்மாள் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, போனைக் கையை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமையும் வராவிட்டால் வேலை கிடையாது என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அங்கே போனை அணைத்து வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படியே கொடுத்துவிட்டுப் போனாள்.

அதே வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இசக்கிராஜ் மதுரையில் அந்தப் போஸ்டரை மேஜைமேல் விரித்து விளக்கிக்கொண்டிருந்தான். கண் முதலில் முகத்துக்குப் போகும், அங்கிருந்து நேரே மஞ்சள் பட்டைக்குத்தான் வரும், அப்படித்தான் திட்டம் போட்டுச் செய்தேன் என்றான். சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். கட் பண்ணினான். மறுபடியும் அடித்தது, கட் பண்ணி, அணைத்தே வைத்துவிட்டான். எதிரே இருந்த அதிகாரி, இதைப் பார்த்து யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டார்.

"கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க சார்" என்றான்.

வாய்க்கு வந்ததை அடித்துவிட்டான், அவ்வளவுதான். அன்றைக்கென்று பார்த்து அது நிஜமாகப் போயிற்று. வேலையும் கிடைத்தது.

கூப்பிட்டவள் செல்லத்தாய், சாத்தூர்ப் பக்கம் பெரிய ரோட்டோரம் வெள்ளரிக்காய் விற்பவள். நம்பர் தெரியும், எழுத்து தெரியாது. சுவரில் நாலு நாளாகப் பார்த்த முகம் நேரில் வந்து தண்ணீர் கேட்டதும், கண்ணில் பட்ட நம்பரை அமுக்கினாள். ஐந்து தடவை அமுக்கினாள். கிழவரை உட்கார வைத்து, வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தாள். ஒரு பஸ் வந்து நின்றது. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் திரும்புவதற்குள் அவர் ரோட்டில் இறங்கிவிட்டார். லாரிக்காரன் பிரேக் அடித்தும் பிரயோசனம் இல்லை.

சாயங்காலம் இசக்கிராஜ் போனைத் திறந்து அந்த நம்பரைக் கூப்பிட்டான். செல்லத்தாய் அழுதுகொண்டே நடந்ததைச் சொல்லி, நீங்கள் யார் என்று கேட்டதும் வைத்துவிட்டான்.

மறுநாள் சாவு வீட்டுக்கு அவனும் போனான், அருளப்பனும் போனார், செல்லத்தாயும் வந்திருந்தாள்.

"அஞ்சு தடவை போட்டேன் தாயி. ரெண்டு தடவை மணி அடிச்சுது, கட் பண்ணிட்டாக. அப்புறம் போகவே இல்ல" என்று அவள் அழுதாள்.

பேச்சியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். பிறகு இசக்கிராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொந்தப் பிள்ளையாட்டம் செஞ்சு குடுத்தே தம்பி. போனை அமத்திட்டுப் போய் எங்கப்பாவைக் கொன்னவ நான்தான்" என்றாள்.

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். இசக்கிராஜ் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். போஸ்டரைச் சரியாகப் பார்க்காமல் சம்மதித்து, போனையும் அணைத்தவள் ஒருத்தி. குழப்பம் வரும் என்று தெரிந்தும் அச்சடித்தவர் ஒருவர். கிழவரை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடியவள் ஒருத்தி. தன் பேருக்காகப் பட்டை போட்டவன் ஒருவன். இந்த நால்வரில் பழி யாரைச் சேரும்?

விடை: பேச்சியம்மாளைச் சேராது. அணைத்துக் கிடக்கும் போனுக்கு மணி போகாது, அதை யாரும் கட் பண்ணவும் முடியாது. அழுகையில் அவளுக்கு அது உறைக்கவில்லை. செல்லத்தாயையும் சேராது. பஸ்ஸுக்கு ஓடியது அவள் பிழைப்பு, அதற்கு முன்பே ஐந்து தடவை கண் போன இடத்தைக் கூப்பிட்டாள். கண் அங்கேதான் போகும் என்று செய்தவனே மதுரையில் சொல்லியிருக்கிறான். ஒரு பேச்சோடு நிறுத்திக்கொண்டதற்கு அருளப்பனுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. மற்றதெல்லாம் இசக்கிராஜுடையது. பட்டை போட்டது ஆசை, தெரியாத நம்பரைக் கட் பண்ணுவது எல்லோரும் செய்வது. அதுவரைக்கும் மன்னிக்கிறவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் செய்யாத கொலையை ஒருத்தி தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டபோது, கையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றானே, அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. அவன் மதுரையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பேச்சியம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை.